தீவிலிருந்து எலிகளை அடியோடு ஒழிப்பது எப்படி?

வேட்டையாடும் பாலூட்டிகளே இல்லாத தீவுகளில் கடற்பறவைகள் தரையிலும் மண் வளைகளிலும் அச்சமின்றி முட்டையிடும். கப்பலோடு வந்திறங்கும் எலிக்கு அந்த முட்டையும் குஞ்சும் சிரமமில்லாமல் கிடைத்துவிடும். தென் அட்லாண்டிக்கின் கஃப் தீவில், தம்மைவிடப் பல மடங்கு பெரிய ஆல்பட்ராஸ் குஞ்சுகளைச் சுண்டெலிகள் உயிரோடு கடித்துத் தின்கின்றன.

எலிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதை இலக்காகக் கொள்ளக் கூடாது. சினையான ஒரு பெட்டை தப்பினாலே போட்ட பணமும் உழைப்பும் வீணாகும். எனவே மூன்று கேள்விகளுக்கு முதலில் விடை காண வேண்டும்: ஒவ்வொரு எலிக்கும் நஞ்சு எட்டுமா, அவை பெருகும் வேகத்தைவிட விரைவாகக் கொல்ல முடியுமா, மீண்டும் வராமல் தடுக்க முடியுமா? மூன்றாவதற்கு உறுதியான விடை இல்லையென்றால் வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. நியூசிலாந்தில் ஆய்வாளர்கள் எலியில்லாத் தீவொன்றில் வேண்டுமென்றே விட்ட ஒரே எலி, 400 மீட்டர் கடலை நீந்தி அடுத்த தீவுக்குப் போய், 18 வாரங்கள் பிடிபடாமல் திரிந்ததை 2005-இல் வெளியான ஆய்வு பதிவு செய்துள்ளது.

இயற்கை உணவு குறைந்து, இனப்பெருக்கமும் தணிந்திருக்கும் பருவத்தில் நஞ்சை வைக்க வேண்டும். பெரும்பாலும் பயன்படுவது இரத்தம் உறைவதைத் தடுக்கும் புரோடிஃபாக்கம். உண்ட எலி சில நாள் கழித்தே சாவதால், உயிரோடிருக்கும் எலிகளுக்கு உணவின் மீது சந்தேகம் எழுவதில்லை. பெட்டிகளில் வைப்பதானால், எலிகளுக்குப் பொதுவாக 25 முதல் 50 மீட்டர் இடைவெளியிலும், சுற்றித் திரியும் பரப்பு சிறிதான சுண்டெலிகளுக்கு இன்னும் நெருக்கமாகவும் கட்டம் போட்டு வைக்க வேண்டும். செங்குத்தான பாறைச்சரிவு என்று ஒரு கட்டத்தைக்கூட விட்டுவிடக் கூடாது. வெப்பமண்டலத் தீவுகளில் நில நண்டுகள் நஞ்சுணவைத் தின்று தீர்த்துவிடும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. எனவே அவற்றின் பங்கையும் கணக்கிட்டே அளவை முடிவு செய்ய வேண்டும். நஞ்சுண்ட எலியைத் தின்னும் உள்ளூர்ப் பறவைகளுக்கு ஆபத்து உண்டு. அரிய இனமானால் சிலவற்றை முன்னதாகவே பிடித்துக் கூண்டில் காப்பது வழக்கம்.

பல அயல் இனங்கள் இருக்குமிடத்தில் எதை முதலில் நீக்குவது என்பதை அவசரப்பட்டு முடிவு செய்யலாகாது. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான மக்குவாரி தீவில் பூனைகள் ஒழிந்தபின் முயல்கள் பெருகித் தாவரங்களை மொட்டையடித்தன. வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், பின்னர் முயல், எலி, சுண்டெலி மூன்றையும் ஒரே திட்டத்தில் நீக்க வேண்டியதாயிற்று. 2014-இல்தான் அத்தீவு அவற்றிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

எலி கண்ணில் படவில்லை என்பது சான்றாகாது. நிலக்கடலை வாசனை சேர்த்த மெழுகுக் கட்டிகளைத் தீவெங்கும் கட்டி, தவறாமல் எடுத்துப் பார்க்க வேண்டும். எலியின் முன்பற்கள் பதித்த இரட்டைக் கோடுகள் மெழுகில் தெளிவாகத் தெரியும். நண்டு கிள்ளிய இடம் ஒழுங்கின்றிப் பிய்ந்திருக்கும். பொதுவாக இரண்டு ஆண்டுகள் தடயமே இல்லாதிருந்தால்தான் வெற்றி என்று அறிவிக்கிறார்கள்.

எலி மீண்டும் வராமல் தடுக்க, சரக்கைச் சோதிக்க வேண்டிய இடம் தீவின் கரையன்று, படகு புறப்படும் துறை. மூட்டைகளை மூடிய அறையில் பிரித்துப் பார்த்து, மூடி இறுகிய பெட்டிகளில் மாற்றி ஏற்ற வேண்டும். படகிலும் இறங்குதுறையிலும் பொறிகள் ஆண்டு முழுவதும் இருக்க வேண்டும்.