ஹைப்ரிட் காரில் எண்ணெய் மிச்சம் பிடிப்பது எப்படி?

கோலாலம்பூர் பெடரல் நெடுஞ்சாலையில் சாயங்கால ஜாமில் ஊர்ந்து போகிறவர்களுக்குத்தான் ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்த கார், நன்றாகக் கைகொடுக்கும், ஏனென்றால் நின்று நின்று போகும்போது எஞ்சின் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும், மோட்டார்தான் சத்தமில்லாமல் நகர்த்தும், அந்த நேரத்தில் புகையும் கிடையாது.

வித்தை பிரேக்கில் இருக்கிறது. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பிரேக்கை மெதுவாக, நிதானமாக மிதியுங்கள். ஓடுகிற சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, அது மின்சாரமாகி பேட்டரிக்குப் போகும். கடைசி நொடியில் சடாரென்று மிதித்தால் அந்தச் சக்தியில் பெரும்பகுதி பிரேக்கில் சூடாகி வீணாகிவிடும். டாஷ்போர்டில் அம்புக்குறி பேட்டரி பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள், ரெண்டு நாளில் கால் தானாகப் பழகிவிடும்.

கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பேட்டரி சீக்கிரம் நிரம்பிவிடும், அதற்குமேல் ஏற்ற இடமிருக்காது. கியரில் 'B' (பார்க்கிங்குக்கான 'P' அல்ல) இருந்தால் அப்போது போடுங்கள், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

வெயிலில் நின்ற காரா? முதலில் கண்ணாடியை இறக்கிச் சூட்டை விரட்டுங்கள், அப்புறம் ஏர்கோன். சில மாடல்களில் பின் சீட்டுப் பக்கம் பேட்டரிக்குக் காற்று போகும் துளை இருக்கும், அதன்மேல் சந்தைப் பையைச் சாய்த்து வைக்காதீர்கள்.

ஆனால் ஈப்போவுக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதே உங்கள் வழக்கம் என்றால், சரி, எஞ்சின்தான் பெரும்பாலும் உழைக்கும், மிச்சமும் குறைவுதான்.