ரத்தான இசை விழா, வராத டிக்கெட் பணம்

பெங்களூரு இசை விழா மழையால் ரத்து, டிக்கெட் ஆப்பில் ரீஃபண்ட் முடிந்தது என்று பச்சை டிக், ஆனால் கணக்கில் பணம் இல்லை. சாட்டில் கேட்டால் பேங்க்கைக் கேளுங்கள் என்றார்கள். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் இருக்கும் கிளையில் புக்கிங் நம்பர், பணம் கட்டிய நம்பர் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு எதுவும் வரவில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் இதுதான்: கார்டில் கட்டிய பணம் திரும்பும்போது அதற்குத் தனியாக ஏஆர்என் என்று 23 இலக்க எண் உண்டு, பணம் கட்டியபோது வந்த நம்பரை வைத்துத் தேடினால் சிக்காது. ஆப்காரர்களுக்கு மெயில் போட்டு அந்த எண்ணை மட்டும் கேட்டு வாங்கினேன். அதைக் காட்டியதும் கிளையில் கண்டுபிடித்துவிட்டார்கள். நடுவில் கார்டு காலாவதியாகிப் புதுசு வந்திருந்தது, பணம் பழைய கார்டு எண்ணிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் கணக்கில் ஏறியது, அப்பாடா!

யுபிஐயில் கட்டியவர்கள் ரீஃபண்டுக்கான 12 இலக்க ஆர்ஆர்என் என்ற எண்ணைக் கேளுங்கள்.