இரண்டாவது ரூட்டருக்கு வழி காட்டுங்கள்: வீட்டில் ஸ்டாட்டிக் ரூட் அமைக்கும் முறை

மாடியில் வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரூட்டரை வாங்கி, முதல் ரூட்டரோடு கேபிளில் இணைத்துவிட்டீர்கள். மாடிக் கணினியிலிருந்து கீழே உள்ள பிரிண்டரில் அச்செடுக்க முடிகிறது. ஆனால் கீழ்க் கணினியிலிருந்து மாடிக் கணினியின் கோப்புகளைத் திறக்க முடிவதில்லை. மாடியில் தனி வலையமைப்பு இருப்பதே முதல் ரூட்டருக்குத் தெரியாது. தெரியாத முகவரிக்கு வரும் தகவலையெல்லாம் அது இணையத்தின் பக்கம் தள்ளிவிடும். அந்த முகவரிக்கு வழி எது என்று எழுதி வைப்பதுதான் ஸ்டாட்டிக் ரூட்.

வைஃபை எட்டினால் போதும் என்பவர்களுக்கு இந்த வேலையே தேவையில்லை. இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (தனி வலையமைப்பு உருவாக்காமல், முதல் ரூட்டரின் வலையமைப்பையே வைஃபையில் நீட்டிக்கும் முறை) மாற்றிவிடுங்கள். வலையமைப்புகள் தனித்தனியாகவே இருக்க வேண்டுமென்றால் தொடர்ந்து படியுங்கள்.

1. முகவரிகளைத் தாளில் எழுதுங்கள். நம் உதாரணத்தில் முதல் ரூட்டர் 192.168.1.1. இரண்டாவதின் இன்டர்நெட் போர்ட் 192.168.1.2, உட்பக்க முகவரி 192.168.2.1. இரண்டு ரூட்டர்களின் உட்பக்கமும் ஒரே வரிசையில் (இரண்டுமே 192.168.1 என்று தொடங்குவதுபோல) இருந்தால் இரண்டாவதை மாற்றியே ஆக வேண்டும்.

2. இரண்டாவதின் இன்டர்நெட் போர்ட்டில் 192.168.1.2 என்பதை நிலையான முகவரியாகக் கொடுங்கள். கேட்வே, அதாவது தகவலை அடுத்து ஒப்படைக்க வேண்டிய ரூட்டரின் முகவரி, 192.168.1.1. முதல் ரூட்டர் தானாக வழங்கும் முகவரி வரம்புக்குள் இந்த எண் வரக் கூடாது.

3. பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டி முதல் ரூட்டருக்குள் நுழையுங்கள். பெரும்பாலும் 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'ஸ்டாட்டிக் ரூட்' இருக்கும். அங்கே நிரப்ப வேண்டியவை:

சேருமிடம்: 192.168.2.0
சப்நெட் மாஸ்க்: 255.255.255.0
கேட்வே: 192.168.1.2
இன்டர்ஃபேஸ்: லேன்

சேருமிடம் 0 என்றே முடிய வேண்டும். நாம் குறிப்பது ஒரு கருவியை அல்ல, முழு வலையமைப்பை. கேட்வேயில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அங்கே 192.168.2.1 என்று எழுதினால் பயனில்லை. அந்த முகவரிக்குப் போக வழி தெரியாமல்தானே முதல் ரூட்டர் நிற்கிறது! அதன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் 192.168.1.2-ஐத்தான் கொடுக்க வேண்டும். மெட்ரிக் கேட்டால் 1 போதும்.

4. இரண்டாவது ரூட்டரில் 'நேட்' வசதியை (உட்பக்கக் கருவிகளின் முகவரியை மறைத்து, ரூட்டரின் முகவரியாக மாற்றி அனுப்புவது) அணைத்து, கீழ் வலையமைப்பிலிருந்து வருவதை ஃபயர்வாலில் அனுமதியுங்கள். சில மலிவான ரூட்டர்களில் நேட்டை அணைக்கவே வழியிருக்காது; அவற்றோடு மல்லுக்கட்டாமல் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கே போய்விடுவது மேல். அணைத்தபின் மாடியில் இணையம் நின்றுவிட்டால், முதல் ரூட்டர் தன் சொந்த வலையமைப்புக்கு மட்டுமே நேட் செய்கிறது என்று சந்தேகிக்கலாம். இரண்டாவதில் தனியாக ரூட் எதுவும் எழுத வேண்டாம். தெரியாததையெல்லாம் முதல் ரூட்டரிடம் அனுப்புவது அதன் இயல்பு.

5. கீழ்க் கணினியிலிருந்து முதலில் 192.168.2.1-ஐப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்யுங்கள், பிறகு மாடிக் கணினியை. முன்னது பதில் தந்து பின்னது மௌனம் சாதித்தால் ரூட்டைக் கலைக்காதீர்கள். வேறு சப்நெட்டிலிருந்து, அதாவது வேறு வலையமைப்பிலிருந்து, வரும் பிங்கை விண்டோஸ் ஃபயர்வால் வழக்கமாகவே தடுக்கும். அங்கே அனுமதி கொடுங்கள். இரண்டுமே பதில் தராவிட்டால் டிரேஸ்ரூட் (தகவல் எந்தெந்த ரூட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் கட்டளை) ஓட்டிப் பாருங்கள். 192.168.1.1-க்கு அடுத்து இணைய நிறுவனத்தின் முகவரி வந்தால், நீங்கள் எழுதிய ரூட் சேமிக்கப்படவில்லை அல்லது இன்டர்ஃபேஸ் தவறு என்று பொருள்.