கிரைண்டர் வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்

இட்லி மாவு வியாபாரம் தொடங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுத்துக் கடை பிடிப்பதற்கு முன்னால், அந்தத் தெருவின் மளிகைக் கடைகளில் சாயங்காலம் போய் நின்று, ஃப்ரிட்ஜில் யார் யாருடைய மாவு இருக்கிறது, என்ன விலை, முக்கியமாக விற்காமல் எத்தனை பாக்கெட் திரும்பிப் போகிறது என்று கடைக்காரரிடமே விசாரியுங்கள். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் இலக்கிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். மாதம் 30,000 ரூபாய் கையில் நிற்க வேண்டும், அரிசி, உளுந்து, கரண்ட், வாடகை எல்லாம் போகப் பாக்கெட்டுக்கு 8 ரூபாய்தான் மிஞ்சும் என்றால், தினமும் 125 பாக்கெட் விற்றாக வேண்டும். அந்த ஏரியா அவ்வளவு தாங்குமா? சந்தேகமாக இருந்தால் முதலில் வீட்டு கிரைண்டரிலேயே அரைத்து, பக்கத்துக் கடைகள் இரண்டில் மட்டும் போட்டுப் பாருங்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், அதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.