சிவிலைசேஷன் 6: ஜூலு படையோடு முதல் ஆட்டம்

1879 ஜனவரி 22 அன்று இசண்ட்ல்வானாவில் ஜூலு வீரர்கள் பிரிட்டிஷ் முகாமை அழித்தார்கள். அதே ஆண்டு ஜூலை 4 அன்று உலுண்டியில், சதுரமாக அணிவகுத்து நின்ற துப்பாக்கிப் படையை அவர்களால் நெருங்கவே முடியவில்லை. இரண்டு களமும் நம் குவாசுலு-நட்டாலிலேயே இருக்கின்றன. 'சிவிலைசேஷன் 6' என்ற கணினி ஆட்டத்திலும் ஜூலுவின் பலம் துப்பாக்கி வரும்வரைதான். அதற்குள் பக்கத்து நாட்டையாவது பிடித்தாக வேண்டும்.

ஜூலுவின் தலைவர் ஷாகா கிடைக்க 'ரைஸ் அண்ட் ஃபால்' விரிவாக்கம் வேண்டும். கடல் குறுக்கே வராத 'பாஞ்சியா' வரைபடத்தையும், 'பிரின்ஸ்' என்ற கடினத்தன்மை நிலையையும் தேர்ந்தெடுங்கள். மின்வெட்டு நமக்குப் பழகியதுதான் என்பதால் ஆட்டோசேவை ஒவ்வொரு டர்னுக்கும் வைத்துவிடுங்கள்.

1. முதல் ஆராய்ச்சி 'பிரோன்ஸ் வொர்க்கிங்' (வெண்கல வேலை). மூன்று காட்டுமிராண்டி யூனிட்களைக் கொன்றால் அது விரைவாகும். அதோடு ஈட்டி வீரரும் இகாண்டாவும் வரும். இகாண்டா என்பது மற்ற நாடுகளின் ராணுவ முகாமுக்குப் பதிலாக ஜூலுவுக்குக் கிடைப்பது. ஒன்றை உடனே கட்டுங்கள். 'மிலிட்டரி டிரெய்னிங்' குடிமை (கலாச்சாரத்தால் கற்கும் முன்னேற்றம்) விரைவாகும்.

2. 'அகோகே' கொள்கை அட்டையைப் போட்டு ஈட்டி வீரர்களைச் சேருங்கள். அவர்களில் ஒருவர் எதிரி யூனிட் ஒன்றைக் கொன்றால் 'மிலிட்டரி டாக்டிக்ஸ்' விரைவாகும். ஜூலுவுக்கே உரிய ஈட்டிப் படையான இம்பி வருவது அதில்தான்.

3. 'மெர்சினரீஸ்' குடிமையை நோக்கிப் போங்கள். எட்டுத் தரைப்படை யூனிட் இருந்தால் அது விரைவாகும். ஆறு பண்ணை போட்டால் அதற்கு முந்தைய 'ஃபியூடலிசம்' விரைவாகும். மற்ற நாடுகள் 'நேஷனலிசம்' வரை காத்திருக்கும் கோர் (இரண்டு யூனிட் இணைந்தது) ஷாகாவுக்கு இங்கேயே கிடைக்கிறது. கோருக்குப் போர்ப்பலம் +10, ஷாகாவின் திறனால் மேலும் +5. இதே குடிமை தரும் 'புரொஃபெஷனல் ஆர்மி' அட்டை, ஈட்டி வீரரை இம்பியாக மாற்றும் தங்கச் செலவைப் பாதியாக்கும். அதனால் தங்கத்தை அதுவரை சேர்த்து வையுங்கள்.

4. போர். இம்பிக்குப் பக்கவாட்டுத் தாக்குதலில் கூடுதல் பலன் உண்டு. எனவே நடுவில் ஒரு கோர், இருபுறமும் இம்பிகள் என்று சுற்றி வளையுங்கள். ஜூலு வீரர்களின் எருமைக் கொம்பு வியூகத்தின் அமைப்பே அதுதான். எதிரியிடம் வாள்வீரர்கள் இருந்தால் மட்டும் வில்லாளர்களை முன்கூட்டியே ஏவுங்கள். ஈட்டி வகைக்கு எதிராக வாளுக்குத் தனிப் பலன் உண்டு.

மதில் உள்ள நகரில்தான் புதியவர்கள் படையை இழக்கிறார்கள். இம்பியின் அடி மதிலில் மிகக் குறைவாகவே இறங்கும். மதில் இடிக்கும் 'பாட்டரிங் ராம்' ஒன்றை நகரை ஒட்டிய கட்டத்தில் நிறுத்தியபின் தாக்குங்கள். மதில் இடைக்கால மதிலாகிவிட்டால் ராம் பயன்படாது, 'சீஜ் டவர்' தேவைப்படும்.

நகரம் விழும் கடைசி அடியை மட்டும் கோருக்குக் கொடுக்காதீர்கள். தனி இம்பி பிடித்தால் அந்த இம்பியே இலவசமாகக் கோர் ஆகிவிடும். இரண்டு யூனிட்டை இணைத்து வரவேண்டியது ஒன்றிலேயே வருகிறது. ஜூலுவின் பெரிய லாபம் இதுதான்.

5. பிடித்த நகரைக் காலியாக விட்டுப் போனால் விசுவாசம் குறைந்து, நகரம் கைநழுவிப் போகலாம். உள்ளே ஒரு யூனிட் இருந்தால் +3, கோர் இருந்தால் +5. ஆளுநரை அமர்த்தினால் +8. விசுவாசம் நிலைபெறும்வரை கோர் அங்கேயே இருக்கட்டும்.

எதிரியிடம் மஸ்கட் வீரர்கள் தென்பட்டதும் தனி இம்பிகளை முன்னணியிலிருந்து எடுத்துவிடுங்கள். சமாதானம் பேசி, 'நேஷனலிசம்' முடித்து, மூன்று யூனிட் இணையும் ஆர்மியோடு அடுத்த போரைத் தொடங்கலாம்.