‘எனக்கு ஒண்ணுமில்ல’: ஜோடியாகப் பயணம் போகையில் காய்ச்சல் வந்தால்

லாவோஸில் ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு மீகோங் ஆற்றில் இரண்டு நாள் படகுப் பயணம். நடுவில் பக்பெங் என்ற சிற்றூரில் ஓர் இரவு தங்க வேண்டும். இரண்டாம் நாள் காலையில் என் கணவர் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று நெற்றியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொட்டுப் பார்த்தேன், சுட்டது. “எனக்கு ஒண்ணுமில்ல, நேத்து வெயில்ல உட்கார்ந்தது” என்றார். நானும் அதை நம்பவே விரும்பினேன்.

நாங்கள் செய்த தவறுகளில் மூத்தது இதுதான். தனியாகப் போகிறவர் காய்ச்சல் வந்தால் பயந்துபோய் யாரிடமாவது சொல்லிவிடுவார். கணவன் மனைவியாகப் போனால் நோய் வந்தவர் மறைப்பார். இருவரும் சேர்த்துவைத்த விடுப்பு, மற்றவர் ஆசையாகப் போட்ட திட்டம், எல்லாம் தன்னால் கெட்டுவிடுமே என்ற எண்ணம். மற்றவரோ, துருவிக் கேட்டால் சண்டை வருமே என்று விட்டுவிடுவார். அன்பினால்தான் மறைக்கிறோம், ஆனால் அதில் மூன்று நாள் போய்விடுகிறது. ஆகவே கிளம்பும் முன்பே ஒன்றைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்: காய்ச்சல் வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும், மறுநாளும் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். அப்போது போய் வாதாட வேண்டியதில்லை.

அடுத்த தவறு என்னுடையது. மாதவிலக்கு வலிக்காக நான் எப்போதும் வைத்திருக்கும் ஐபுபுரோஃபென் மாத்திரையை அவருக்குக் கொடுத்தேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை. அவருக்கு வந்திருந்தது கொசுக்கடியால் பரவும் டெங்கிக் காய்ச்சல். டெங்கியில், ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டணுக்கள் குறையும். ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் ரத்தக் கசிவு ஆபத்தைக் கூட்டும். டெங்கி இல்லை என்று உறுதியாகும் வரை பாரசிட்டமால், அதாவது பனடால், மட்டும்தான். அதிலும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது. சிங்கப்பூரில் டெங்கிப் பகுதி எச்சரிக்கைப் பதாகையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். ஊருக்கு வெளியே அது எனக்குத் தோன்றவே இல்லை.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. லுவாங் பிரபாங்கில் சந்தோஷமாகக் கஞ்சி குடித்தோம். அத்தைக்கு போன் போட்டு “சரியாயிடுச்சு” என்று சொன்னேன். உயிரை வாங்கக்கூடிய தவறு இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். டெங்கியில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ச்சத்து வெளியே கசியும். ரத்த அழுத்தம் சரியும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மலம் கறுப்பாகப் போவது, கை கால் சில்லிடுவது, காரணமில்லாத எரிச்சல் அல்லது அரைத்தூக்கம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலும் அப்படித்தான். அன்று மாலை அவருக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. பல் துலக்கியபோது ரத்தம்.

அத்தை பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொன்னார். அவருடைய பதற்றம் எனக்குப் புரிந்தது, ஆனால் அந்த நேரத்தில் தேவைப்பட்டது ரத்தப் பரிசோதனையும் ஊசி வழியே ஏற்றும் திரவமும்தான்.

பயணக் காப்புறுதி எடுத்திருந்தோம். ஆனால் பத்திரம் அவருடைய மின்னஞ்சலில். மின்னஞ்சல் அவருடைய கைபேசியில். அதன் கடவு எண்ணை அரைமயக்கத்தில் இருந்தவரிடம் கேட்டு வாங்கினேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. பத்திர எண், 24 மணி நேர உதவி எண், இருவரின் கடப்பிதழ் நகல், ஒவ்வாமை விவரம், இவை இரண்டு கைபேசியிலும் ஒரு காகிதத்திலும் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் நம் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. ஆகவே தனிக் காப்புறுதி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

நான் எண்ணியிருந்தது, அவரைக் கைத்தாங்கலாக ரயிலேற்றி இரண்டு மணி நேரத்தில் தலைநகர் வியந்தியனுக்கும், பிறகு பாலம் தாண்டித் தாய்லாந்தின் உடோன் தானிக்கும் கொண்டு போய்விடலாம் என்று. லாவோஸில் கடுமையாக நோயுற்றவர்கள் பலர் அப்படித்தான் எல்லை தாண்டுகிறார்கள். ஆனால் உதவி எண்ணில் பேசிய மருத்துவர் தடுத்துவிட்டார். முதலில் அருகில் உள்ள மருத்துவமனையில் திரவம் ஏற்றி நிலைப்படுத்த வேண்டும், மாற்றுவதைப் பிறகு முடிவு செய்யலாம் என்றார். நானாக முடிவெடுத்திருந்தால் வழியிலேயே சுருண்டிருப்பார். காப்புறுதி நிறுவனத்தை முதலில் அழைப்பது கட்டண உத்தரவாதத்துக்காக மட்டுமல்ல. தெளிவாக யோசிக்கக்கூடிய ஒருவர் அந்த நேரத்தில் நமக்கு வேண்டும்.

அதோடு, பார்த்துக்கொள்பவரும் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். மருத்துவமனையில் இரண்டு இரவு நான் கண் மூடவில்லை. மூன்றாம் நாள் தாதி சொன்ன மருந்தளவைத் தப்பாக எழுதி வைத்திருந்தேன். சிங்கப்பூரில் தேக்காவில் இருக்கும் என் தங்கையை முதல் நாளே அழைத்துத் தொலைபேசி வேலைகளை அவளிடம் விட்டிருக்கலாம்.

ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தாலும், பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் கேட்கும் வரை காத்திராமல் எந்த நாட்டில், எந்தெந்தத் தேதியில் இருந்தீர்கள் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். டெங்கிக் கொசு கடித்து நான்கு முதல் பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும், மலேரியா இன்னும் தாமதமாகவும் வரலாம். காய்ச்சல் நாட்களில் வீட்டுக்குள்ளும் கொசு விரட்டி பூசிக்கொள்ளுங்கள். உங்களைக் கடிக்கும் கொசு அடுத்து கீழ்வீட்டுக் குழந்தையைக் கடிக்கலாம்.