நார்மன் மண்கோட்டைகளைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து 1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர், நாட்டைத் தம் பிடிக்குள் வைத்துக்கொள்ள அவசரமாக எழுப்பியவற்றுள் பெரும்பாலானவை மண்ணாலும் மரத்தாலுமான கோட்டைகளே. உச்சி தட்டையான மேடு 'மாட்'. அதன் மீது மரக்கோபுரம் நின்றது. மேட்டின் அடியில் மண்கரையும் அகழியும் சூழ்ந்த முற்றம் 'பெய்லி'. மரம் மக்கிவிட்டது, மண் மட்டும் நிற்கிறது. ஆகவே அங்கே போய் இடிந்த கற்சுவரைத் தேடி, காணாமல், "ஒன்றுமில்லை" என்று திரும்புவது முதல் தவறு. வேல்ஸின் மான்ட்கோமரி ஊருக்கு அருகிலுள்ள ஹென் டோமன் கோட்டை கடைசிவரை மரத்தாலேயே இருந்தது.

மேட்டில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு முற்றத்தைத் திரும்பியும் பாராமல் போவது அடுத்த தவறு. 1960-இல் தொடங்கிப் பல்லாண்டுகள் நடந்த ஹென் டோமன் அகழாய்வில், புல்வெளியாகக் கிடந்த சிறிய முற்றத்தில் மரக் கட்டடங்கள் நெருக்கமாக நின்றதும், அவை மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டதும் தெரியவந்தன. கோட்டையின் அன்றாட வாழ்க்கை பெரிதும் நடந்தது கீழேதான்.

வட்ட மேடு என்றாலே நார்மானியர் குவித்தது என முடிவுகட்டுவதுதான் அறிந்தவர்களையும் ஏமாற்றும் தவறு. தென் இங்கிலாந்தில் ஏறத்தாழ 19 மீட்டர் உயரமுள்ள மார்ல்பரோ மேட்டைத் துளையிட்டு, கிடைத்த கரித்துண்டுகளின் காலத்தைக் கணித்தபோது, அது கி.மு. 2400 அளவில் எழுப்பப்பட்டது என்று 2011-இல் தெரிந்தது. யார்க்ஷயரின் ஸ்கிப்சி மேடும் இரும்புக்காலத்தது என 2016-இல் உறுதியாயிற்று. இரண்டிலும் நார்மானியர் செய்தது, முன்னோர் விட்டுச்சென்ற மேட்டைத் தம் கோட்டையாக்கிக்கொண்டதே.

இன்று தெரியும் ஆழத்தை வைத்து அகழியை எடைபோடவும் கூடாது; கரையிலிருந்து சரிந்த மண் நூற்றாண்டுகளாக அதைத் தூர்த்திருக்கிறது. (அகழியைக் குறிக்கும் 'மோட்' என்ற ஆங்கிலச் சொல்லே, மேட்டைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பது வேடிக்கைதான்.)

செங்குத்தான சரிவில் நேராக ஏறினால் புல் பெயர்ந்து மண் அரிக்கும். படியிருந்தால் அதில்தான் ஏற வேண்டும். இங்கிலாந்தில் இத்தகைய பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றி உலோகங்காட்டியைப் பயன்படுத்துவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கோடை நண்பகலில் போவதும் வீண். புல் உயர்ந்து, வெயில் தலைக்கு மேல் நிற்கையில் தாழ்ந்த கரைகள் கண்ணுக்கே படுவதில்லை. ஆடு மேய்ந்த குளிர்காலப் புல்லில், சாயும் வெயிலில், முழங்கால் உயரக் கரைகூட நீண்ட நிழல் விழுத்தி முற்றத்தின் எல்லையைக் காட்டிவிடும்.